ஒன்பதாம் அடுக்கு

லுவோ நதிக்குத் தெற்கே, கோதுமை வயலுக்கு அடியில்,
இடுப்பளவு ஆழத்தில் ஓர் அரண்மனையின் தளம்.
சுவர் இல்லை. கூரை இல்லை.
தூண்கள் நின்ற பள்ளங்கள் மட்டும்,
பல் விழுந்த ஈறு மாதிரி.

என் வேலை வரைவது.
கட்டம் போட்ட தாளில், பத்தில் ஒரு பங்கு அளவில்,
மண்ணில் இருப்பதை மட்டும்.
தோன்றுவதை வரையக் கூடாது,
முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

மண்ணில் இருப்பவை குழிகள்.
கோழிமுட்டை அகலத்தில், திமிசுக் கட்டையின் நுனி பதிந்தவை.
ஓர் அடுக்கு மண் கொட்டி இடித்து,
அதன்மேல் இன்னொன்று கொட்டி இடித்து,
மூவாயிரத்துச் சொச்சம் வருடம் இறுகிக் கிடப்பவை.

தேநீர் நேரத்தில் கொட்டகையில் சண்டை.
இது சியா வம்சத்தின் தலைநகர்தான் என்பார் யுவே.
ஓர் எழுத்துகூடக் கிடைக்காமல் எப்படி என்பாள் மிங்ருய்.
பெயர் தெரியாத அந்த அரசன்
மதியத்துக்குள் இரண்டு முறை முடிசூடுவான்,
இரண்டு முறை இறக்கப்படுவான்.

து கெங்ஷெங் அதில் வாய் கொடுப்பதில்லை.
தினக்கூலிக்கு வந்தவர்.
ஜெங்ஜோவில் பதினொரு வருடம்
அடுக்குமாடிகளுக்கு அஸ்திவார மண் கெட்டித்தவர்.
இடது காது அந்த இயந்திரத்தோடு போயிற்று.

ஒன்பதாம் அடுக்கின் ஓரத்தில் குந்தினார்.
கரணையைக் கீழே வைத்துவிட்டு
விரலால் ஒவ்வொரு குழியாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"இங்க நாலு பேர்.
இவன் இடக்கையன், எல்லாம் ஒருக்களிச்சு விழுந்திருக்கு.
கடைசில நின்னவனுக்குப் பசி."

சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

"பாருங்க, போகப் போக ஆழம் கொறையுது.
இங்க சும்மா தொட்டுட்டுப் போயிருக்கான்,
மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பியிருப்பான்.
அப்புறம் இதோ, பழையபடி.
சாப்ட்டு வந்துட்டான்."

அளந்தேன்.
பதினொரு மில்லிமீட்டர். ஒன்பது. ஏழு. மூன்று.
பிறகு பன்னிரண்டு.

மூன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே
உடைந்த கிண்ணமோ
சிந்திய ஒரு தினை மணியோ
இருக்கிறதா என்று தேடினேன்.
தூரிகையால், பிறகு ஊசியால், பிறகு மண்ணைச் சலித்து.
இல்லை.

குழிகளை அவற்றின் ஆழத்தோடு வரைந்தேன்.
குறிப்புப் பத்தியில் 'ஆழம் சீராக இல்லை' என்று எழுதி,
'காரணம்' என்ற இடத்தில்
பென்சிலை வைத்து, எடுத்துவிட்டேன்.

மதிய மணி அடித்தது.
கெங்ஷெங் இரண்டு மாவுருண்டையும்
பச்சை வெங்காயத்தாளும் தின்றுவிட்டு,
கையை முழங்காலில் துடைத்தபடி
பள்ளத்தில் இறங்கினார்.

தாளிலிருந்து தலை தூக்காமல்
அவர் மண்வெட்டியின் சத்தத்தை
எண்ணத் தொடங்கினேன்.