வெள்ளறடைக்குப் போய்வந்த பாட்டில்

பூ இல்லாத தேன் இது.
தையில் இலையைக் கொட்டிய ரப்பர்
மாசியில் செம்புநிறமாய்த் துளிர்க்கும்போது
காம்பு மூன்றாய்ப் பிரியும் இடத்தில்
ஒரு சொட்டு கசியும்.
என் பதினாறு பெட்டிகளின் ஊழியமும்
அந்தச் சொட்டுக்குத்தான்.

வருஷம் தவறாமல் ஒரு பாட்டில்
நாத்தனார் லில்லிபுஷ்பத்துக்குப் போகும்.
பத்துகாணியில் பஸ் ஏறி
டிக்கெட்டின் பாக்கிச் சில்லறை கைக்கு வருமுன்
கடைப் பலகைகள் மலையாளமாகிவிடும்.
அத்தனைதான் தூரம்.

இந்த வருஷம் பாட்டில் திரும்பி வந்தது
அவள் மகன் ஷிஜின் கையில்.
அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு
வெள்ளையாய் உறைந்திருந்தது.
"சீனிப்பாகு காய்ச்சி ஊத்தியிருக்கியன்னு
அம்மா சொல்லச் சொன்னா மாமி."
சொன்ன வாய் காயும் முன்
ஒரு கட்டன் சாயாவும் குடித்தான்.
அதில் நான் விட்ட இரண்டு ஸ்பூன்
அந்தப் பாட்டிலிலிருந்துதான்.
நல்லாருக்கு என்றான்.

சோதனையெல்லாம் நடந்ததாம்.
தண்ணீரில் விட்டாளாம், கரைந்ததாம்.
தீக்குச்சியை முக்கி உரசினாளாம், பற்றியதாம்.
ஒரு சாட்சி பொய் என்றது, ஒன்று மெய் என்றது.
அவள் தனக்குப் பிடித்த சாட்சியை வைத்துக்கொண்டாள்.

ரப்பர்த் தேன் உறையும்.
உறைவது அதன் குணம், குற்றமில்லை.
இதை போனில் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
ஒரு பாட்டில் கோபம் எத்தனை நாள் வரும்
பார்த்துவிடுவோம் என்று
அடுக்களை ஜன்னலில் வைத்தேன்.

புட்டில் பூவன்பழத்தோடு பிசைந்தேன்.
கீறிய நெல்லிக்காயை ஒரு சின்னப் பரணியில் ஊறப்போட்டேன்.
கொயர் பாடப்போகும் நாளில் இவருக்கு
இஞ்சிச்சாற்றில் அரை ஸ்பூன்.
வெடித்த உதட்டுக்கு விரல்நுனி அளவு.
அடையில் மிஞ்சிய மெழுகை உருட்டி
மகள் பையின் இறுகிய ஜிப்பில் தேய்த்தேன்.
அது ஓடியது, அவளும் ஓடினாள்.
ஒவ்வொரு முறை மூடி திறக்கும்போதும்
லில்லிபுஷ்பம், உன்னை ஒரு வார்த்தை திட்டினேன்.
கடைசியில் வார்த்தை தீர்ந்தது,
தேன் மிச்சமிருந்தது.

ஓணத்துக்கு நாலு நாள் இருக்க
ராத்திரி ஷிஜின் விளித்தான்.
சிப்ஸ் கடையில் உருளி சரிந்து
அம்மாவின் வலக்கையில் எண்ணெய்.
ஆஸ்பத்திரியில் மருந்து போட்டாச்சு,
இப்போது தோல் ஆறுகிறது,
ஆனாலும் வறட்டு இழுப்பு.
"அந்தப் பாட்டில் உண்டா மாமி?"
அவள் கேட்கச் சொன்னாளா என்று
நான் கேட்கவில்லை.

காலை வெயிலில் முற்றத்தில் வைத்தேன்.
உச்சி வருமுன் கல் கரைந்து
கண்ணாடி வழியே துளசிச்செடி தெரிந்தது.

கடைக்குப் பின்னறையில்
கட்டைப் பிரித்துக் கையை நீட்டினாள்,
முகத்தைச் சுவர்க் காலண்டருக்குக் கொடுத்துவிட்டு.
துணியில் தொட்டுத் தடவினேன்.
எரியுது என்றாள்.
எரியட்டும் என்றேன்.
இருவருமே தேனைப் பற்றித்தான் பேசினோம்
என்று சொல்ல முடியாது.

புது இளந்தோலில் அது மினுங்கியது.
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
மன்னிப்பு எதுவும் வரவில்லை.
வந்தது இது:
"அடுத்த பங்குனிக்கு முப்பது பாட்டில் கொண்டா.
சிப்ஸ் பக்கத்தில் அடுக்குவேன்.
நூற்றுக்கு இருபது எனக்கு."
பத்து என்றேன்.
பதினெட்டு என்றாள்.
நல்ல கையால் விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள்.

பேரம் முடியவில்லை.
அதற்குள் காலிப் பாட்டிலின் வாயில்
எறும்பு வரிசை கட்டிவிட்டது.
சுத்தத் தேனில் எறும்பு மொய்க்காது என்பாள் அவள்.
எறும்புக்கு அதை
யாரும் சொல்லியிருக்கவில்லை.