கரைய வேண்டியது

காசிமேட்டில் விடிகாலை நாலரைக்கு
இறால் ஓடு வாங்க நிற்கும் ஒரே ஆள் நான்.
"சதைய விட்டுட்டு ஓட்டைக் கேக்குதே இந்தம்மா"
என்று முதல் வருஷம் சிரித்தாள் மரியபுஷ்பம்.
இப்போது கேட்காமலே பையைக் கட்டி வைக்கிறாள்.

தரமணியில் அது
அமிலத்தில் ஒரு ராத்திரி, காரத்தில் ஒரு பகல்.
வாடை மட்டும் என் துப்பட்டாவோடு
பறக்கும் ரயிலேறி வீட்டுக்கு வரும்.
மிஞ்சுவது வெங்காயச் சருகு போல ஒரு படலம்.
வெந்த தோலின் மேல் போட்டால்
செல்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும்.
ஏறி முடித்ததும் அது கரைந்துவிட வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

பதினாறு வருஷம்.
முதலில் சீக்கிரம் கரைந்தது.
பிறகு கரையவே மறுத்தது.
வர்தா புயலன்று மின்சாரம் போய்
ஆறு மாத மாதிரிகள் ஃப்ரீசரிலிருந்து தரைக்கு ஒழுகின.
துடைத்தது நானும் காவலாளி ஏகாம்பரமும்.

முயல்களுக்குப் பெயர் வைக்கக் கூடாது.
நாற்பத்திரண்டாம் எண்ணுக்கு மட்டும் வைத்தேன்,
யாரிடமும் சொன்னதில்லை.
அதன் முதுகுத் திசுவை நுண்ணோக்கியில் வைத்துப்
படலத்தைத் தேடினேன்.
ஓரத்தில் இல்லை. அடியில் இல்லை.
புதுத் தோல், அதில் நூல் நூலாய் ரத்தக்குழாய்.
குறிப்பேட்டில் எழுதினேன்:
"பொருள் காணப்படவில்லை."
எழுதிவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன்.

நேற்று மரியபுஷ்பத்தின் கட்டைவிரலில்
அருவாமனை வெட்டு.
கீழ்ப்பாக்கத்தில் காட்ட எடுத்து வந்த
ஏழு படலங்கள் என் பையில்.
மனிதர்மேல் போட இன்னும் அனுமதி வரவில்லை.
மருந்துக்கடை பிளாஸ்திரி ஒன்றை ஒட்டிவிட்டேன்.
"ஈரக் கைல இது நிக்காதும்மா" என்றாள்,
ஓட்டை எடை போட்டபடி.