மட்டு ஐந்து

கலங்கரை விளக்கத்தை ஆதி என்று வைத்துக்கொண்டேன்.
ஹெப்சிபாவின் விடுதி
மேற்கே மூன்று, வடக்கே நான்கு,
எழும்பூர் தாண்டி.
வடக்குக்குக் கற்பனை அச்சு என்று பெயர்;
அண்ணா சாலை நெரிசல் என்னவோ மெய்தான்.

மூன்றும் நான்கும் ஏழென்பது பேருந்துக் கணக்கு.
ஐந்தென்பது காக்கைக் கணக்கு.
மட்டு ஐந்து. அதுவரை சரி.

வீச்சைக் கால்குலேட்டரிடம் கேட்டேன்.
மைனஸ் ஐம்பத்து மூன்று என்றது.
அந்தத் திசையில் பார்த்தேன்:
சுண்டல் தாள் பறக்கும் மணல், அலை,
அப்பால் ஒரு விசைப்படகின் ஒற்றை விளக்கு.
அங்கே அவள் இல்லை.

போன செமஸ்டரில் இதே இடத்தில்தான்
அரியர் விழுந்தது.
நான்கை மூன்றால் வகுத்ததும்
குறை யார் பக்கம் என்பது
மறந்துபோகிறது அதற்கு.
(எங்கள் சண்டையிலும் அப்படித்தான்.)

நூற்றெண்பதைக் கூட்டினேன்,
அதாவது
கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தேன்.
நூற்றிருபத்தேழு பாகை.
தலைக்கு மேல் விளக்கின் கற்றை
இன்னொரு முந்நூற்றறுபதைச் சுற்றிவிட்டு
அதே பக்கம் வந்து நின்றது போலிருந்தது, நிற்கவில்லை.

பரீட்சை காலை பத்துக்கு.
ஆட்டோக்காரரிடம் எழும்பூர் என்றேன்.
"நேரா வுட மாட்டான்மா,
சுத்திக்கினுதான் போவணும்" என்றார்.