உள்ளங்கைகளின் மேல்

என் மகனின் தலைக்குள்
மேலாளர் இன்னும் வேலைக்குச் சேரவில்லை
என்று படிவத்தில் எழுதியிருந்தார்கள்.
இதே வார்த்தைகளில் அல்ல.
காலுறை ஆலையில் ஜோடி சேர்ப்பவள் நான்,
எனக்கு அப்படித்தான் புரிந்தது.
போன வருடம் மூன்று மாதம்
எங்களுக்கும் மேலாளர் இல்லை.
காலுறைகள் வந்துகொண்டுதான் இருந்தன,
ஜோடிதான் சேரவில்லை.

கியும்ரியில் செவ்வாய்தோறும் நாலு மணிக்கு
பள்ளியின் கடைசி அறையில்
வெந்நீர்க் குழாயை ஒட்டி ஆறு பலகைகள்.
தாத்துலுக்கு ஒன்பது வயது.
அவன் கை அவனுக்கு முன்னால் பிறந்தது.
கேள்வி முடியுமுன் உயரும்.
அடுப்பு சூடா என்று அடுப்பிடமே கேட்கும்.
தம்பி வாய் திறப்பதற்குள்
அடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கும்.

எங்கள் பலகையில்
மூலையில் நிற்பது படகு,
குறுக்கே நடப்பது யானை.
"படகுக்குத் தண்ணீர் எங்கே?" என்று எழுந்துபோய்
ஒரு நாள் வாளியோடு வந்தான்.
அன்று இரண்டு ராஜாக்களும் மிதந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்த விதி:
எதிராளி நகர்த்தியதும்
உள்ளங்கைகளின் மேல் உட்கார்.
அவள் எதைக் கேட்கிறாள், பார்.
உன்னிடம் எது தனியாக நிற்கிறது, பார்.
பிறகு ஒரு கையை மட்டும் வெளியே எடு.

அவள் என்றால் ஷோகிக்.
இவனுக்கு நேர் எதிர்.
எல்லா வழிகளும் ஒரே நேரத்தில் தெரியும் அவளுக்கு,
எல்லாம் ஒரே குரலில் கூப்பிடும்.
கடிகாரம் ஓடித் தீர்ந்த பிறகும்
முதல் சிப்பாய் வீட்டிலேயே நிற்கும்.
காலையில் இரண்டு சப்பாத்துகளைப் பார்த்தபடி
எது முதலில் என்று நின்று
பேருந்தை விடுவாளாம்.
நடைவழி பெஞ்சில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு
அவள் அம்மா சொன்னாள்.
நான் சிரித்துவிட்டேன். அவளும்.

தொட்டால் நகர்த்தியே ஆகவேண்டும்.
இது எல்லாருக்கும் பொதுவான சட்டம்.
என் மகன் இதை வெறுத்தான்,
தொட்டுவிட்டுத்தான் அவன் யோசிப்பது.
ஷோகிக்கோ ஒரு நாள்
கண்ணை மூடி ஒரு குதிரையின் காதைத் தொட்டாள்.
சரி, இனி இதுதான்.
அவள் தோள்கள் இறங்கியதைக்
கண்ணாடிக் கதவுக்கு இப்பாலிருந்து பார்த்தேன்.
இப்போது காலைகளில்
ஒரு சப்பாத்தைத் தொடுகிறாளாம்.

வெளியே பனி. நடுப்பலகையில்
அவள் ராணி காவலின்றி நின்றது.
தாத்துல் பார்த்துவிட்டான்.
நாற்காலியே நடுங்கியது.
உதடுகள் எதையோ எண்ணின.
கை வெளியே வந்தபோது
பிரம்புப் பின்னலின் கட்டம் கட்டமான தடம்
உள்ளங்கை முழுக்க.
ராணியை எடுக்கவில்லை.
எடுத்திருந்தால் மூன்றே நகர்வில் முடிந்திருப்பானாம்.
எடுக்காமல் முப்பத்தொன்றில் தோற்றான்.
வழி நெடுக முப்பத்தொன்று முப்பத்தொன்று என்று
பனியை உதைத்துக்கொண்டு வந்தான்.

இரவு, தம்பி
அவன் வரைந்த டிராக்டரைக் கிழித்தான்.
தாத்துலின் கை எழுந்தது.
நான் பாத்திரத்தோடு அப்படியே நின்றேன்.
தரையில் தொப்பென்று உட்கார்ந்தான்,
இரண்டு கைகளின் மேல்.
முகம் பீட்ரூட்.
விளையாட்டென்று நினைத்துத் தம்பியும்
எதிரே அதேபோல் உட்கார்ந்தான்.
ஒன்று. இரண்டு.
குழாயில் நீர் சொட்டியது.

பிறகு காலால் உதைத்தான்.

கால்களைப் பற்றி
யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லையே.
பிரித்துவிடக் குனிந்தபோது பார்த்தேன்,
ஒன்றில் நீலம், ஒன்றில் பச்சை.