தொலைந்தவை: பக்கம் மூன்று

சொல்லுக்கு மூன்று ரூபா.
பதினைந்து சொல்லுக்குக் குறைய எடுப்பதில்லை.
கவுண்டரில் கண்ணாடி இருந்த இடத்தில்
காட்போட் மட்டை ஒட்டி
இதை எழுதி வைத்தது நான்தான்.
கண்ணாடி உடைந்த கதை பிறகு.

பாதை பூட்டிய வருடம்.
கடதாசி கப்பலில் வரவேண்டும்,
டீசலுக்குத் துண்டு எடுக்கவேண்டும்.
பன்னிரண்டு பக்கம் எட்டாகி
நாலில் வந்து நின்றது பேப்பர்.
வெட்டச் சொன்ன செய்தியை வெட்டி
அந்த இடத்தை வெறுமையாகவே விட்டார் ஞானச்செல்வம் சேர்.
வெறுமையும் விடக்கூடாதென்று
மறுநாள் கடிதம்.
காலநிலை போட்டோம்.
அந்த மாதம் யாழ்ப்பாணத்தில்
ஒரே பக்கத்தில் மூன்று இடத்தில்
மழைக்குச் சாத்தியம் இருந்தது.

சிவயோகமலர் வந்தா,
கோண்டாவிலில் இருந்து நடந்து.
'சைக்கிள் துலைஞ்சு போச்சுது பிள்ளை,
எழுதுங்கோ.'

பச்சை லுமாலா சைக்கிள். பெல் இல்லை.
கூடையில் லோங்ஸ் துணி.
சனி பின்னேரம் நாலு பத்து,
தட்டாதெருச் சந்தி.

பேனை முனையால் எண்ணிக்கொண்டு வந்த நான்
கேட்கக்கூடாததைக் கேட்டேன்:
ஓடினது ஆர்?

ஓடியவர் மயூரதன், வயது இருபத்திரண்டு.
கண்டவர்கள் அறியத் தரவும்.

அறுபத்து மூன்று ரூபா.
கொடுத்துவிட்டுப் போனவ
வாசலில் நின்று திரும்பி வந்து
இன்னும் ஆறு ரூபா வைத்தா.
'கடைசியில இதையும் போடுங்கோ:
சைக்கிள் தேவையில்லை.'

எங்கள் பேப்பரை வாசிக்கவென்றே
சம்பளம் வாங்கிய ஒருவர் இருந்தார்.
இரண்டாம் பக்கத்தோடு அவருக்கு அலுத்துவிடும்.
சைக்கிள் தப்பியது.

செவ்வாய்க்கிழமை ஒற்றைச் செருப்பு ஒன்று வந்தது,
நாவற்குழிப் பாலத்தடி, இரவு பதினொன்றரை.
பிறகு மூக்குக்கண்ணாடி, இடப்பக்கம் வெடித்தது.
பிறகு சாப்பாட்டுப் பெட்டி,
உள்ளே இடியப்பம் அப்படியே இருந்ததாம்.
எல்லாவற்றுக்கும் இடம், நேரம்,
வந்த வானின் நிறம்.
சனம் பேப்பரை
மூன்றாம் பக்கத்தில் இருந்து விரிக்கத் தொடங்கியது.

போன் வந்தது. நிதானமான தமிழ்.
'மூன்றாம் பக்கம் எழுதுறது ஆர்?'
ஆக்கள்தான் எழுதினம்.
நான் சொல்லை எண்ணுறன்.
'நீர் சொல்லை எண்ணும்.
நாங்கள் நாளை எண்ணுறம்.'

நாலாம் நாள் சுட்டார்கள்.
ஊரடங்கு நேரம், தெருவில் நாய்கூட இல்லை,
ஆனால் மோட்டார் சைக்கிள் இருந்தது.
கண்ணாடி போனது. சுவர்மணிக்கூடு போனது.
மெஷின் அந்தோனிப்பிள்ளையின் காதுமடலில் கொஞ்சம்.
ஒரு சன்னம்
அச்சுக்கு வெட்டி அடுக்கியிருந்த கடதாசிக்குள் இறங்கியது.

வேறு கடதாசி கிடையாது.
காதில் பஞ்சோடு அவர் அதிலேயே அடித்தார்.
முதல் பிரதிகளில் விரல் போகும் ஓட்டை.
அடியில் போகப்போகக் கிழிசல்,
பிறகு ஒரு பொருக்கு,
கடைசி நூறு பிரதியில்
தடவினால் மட்டும் தெரியும் ஒரு மேடு.
எந்தச் செய்தியும் போடாமல்
முதல் பக்கச் செய்தி வீடுவீடாகப் போனது.
வெட்டச் சொல்ல அதில் சொல் இல்லை.

விளம்பரம் குறையும் என்று நினைத்தேன்.
காலை எட்டுமணிக்கு
கண்ணாடித்தூளை மிதித்துக்கொண்டு
ஏழு பேர் வரிசையில் நின்றார்கள்.
ஒருவர் கையில் குடை மட்டும்.

சிவயோகமலர் மாதம் ஒருக்கால் வருவா.
காட்போட் மட்டைக்குக் கீழால்
காசு முதலில் வரும், கை பிறகு.

அதே விளம்பரம்தானே அம்மா?

'ஓம், அதேதான்.
வயதை மட்டும் மாத்துங்கோ.
போன வியாழக்கிழமையோட
இருபத்திமூண்டு.'

எண்ணிப் பார்த்தேன்.
சொற்கள் கூடவில்லை.