நாற்பத்தோராவது கண்ணாடி

மாங்குளம் ஆய்வுகூடம். மாசி, முப்பத்தைந்து.
மாட்டுவண்டியில் வந்த கண்ணாடித் துண்டுகளில்
நாற்பத்தொன்றை எறும்பு தின்றிருந்தது:
ஒலுமடு நாகாத்தை, வயது ஆறு.
பேர் மட்டும் மிச்சம்,
மெழுகுப் பென்சிலில்.

திரும்பப்போய்க் குத்திவர எட்டுக் கட்டை.
டொக்டர் ஐயாவுக்குக் கணக்கில் ஓட்டை விழக்கூடாது.
என் விரலைக் குத்தினேன். இழுவினேன். காயவிட்டேன்.
ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவினேன்.
போத்தலில் குளத்துப் புழுக்கள்
நீர்மட்டத்தோடு படுத்துக் கிடந்தன,
ஒன்றும் சொல்லாமல்.

பின்னேரம், குழலில் கண்ணை வைத்தபடியே
"நாற்பத்தொன்று... ஓம், இருக்கு" என்றார்.
அவளுக்குக் குயினா கட்டி அனுப்பினோம்.

இரவு குலைப்பன் வந்தது.
சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தேன்.
கட்டில் கால் தரையில் தட்டத் தட்ட
யோசித்துக்கொண்டிருந்தேன்,
நாகாத்தைக்கு
என்ன காய்ச்சலோ என்று.