பயிர்: முண்டு மிளகாய்

மார்ச் கடைசி வாரம்.
வட்டார அலுவலகத்திலிருந்து
இருபது நிமிடத்துக்கொரு தொலைபேசி:
முன்னுரிமைத் துறையில் இன்னும் எத்தனை லட்சம் பாக்கி?
ஏர்வாடிக் கிளையில் நான், ஒரு காசாளர்,
நோட்டு எண்ணும்போது இருமும் ஓர் எந்திரம்.

இறால் பண்ணைக்கு ஒன்றரைக் கோடி
ஜனவரியிலேயே போய்விட்டது.
அதற்குப் பட்டா இருந்தது, வரைபடம் இருந்தது,
கண்ணாடி ஏற்றிய காரில் வந்த ஆடிட்டர் இருந்தார்.
உப்பளத்துக்குப் போனது.
கரிமூட்டத்துக்குக்கூட, வேறொரு பெயரில்.

முத்திருளாயி கேட்டது முப்பத்தெட்டாயிரம்.
வல்லத்தில் ஒரு பங்கு,
இரண்டு ஜோடி கையுறை,
தண்ணீர் புகாத கண்ணாடி ஒன்று.
சின்ன ஏர்வாடியிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.
காலில் கட்டி நீந்தும் அலுமினியத் தட்டுகளைச்
சாக்கில் சுற்றி மேசைக்கடியில் வைத்தாள்.

என்ன தொழில்?
"பாசி எடுக்குறது சார். மரிக்கொழுந்து, கட்டக்கோரை."
கணினியில் தேடினேன்.
மிதவையில் பாசி வளர்ப்பு இருந்தது,
அலங்கார மீன் இருந்தது, முத்துச்சிப்பி இருந்தது,
இந்தக் கிளையில் இதுவரை யாரும் கேட்டிராத
காளான் இருந்தது.
தானாய் முளைத்ததை மூழ்கி எடுப்பதற்குக்
கட்டம் இல்லை.
அதோடு அவள் மூழ்கும் இடம்
வனத்துறைக் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

தவணை மாதாமாதம் ஐந்தாம் தேதி என்றேன்.
"அஞ்சாந்தேதியெல்லாம் நமக்குத் தெரியாது சார்.
அமாவாசைக்கு ஆறு நாளு, பௌர்ணமிக்கு ஆறு நாளு.
அந்தப் பன்னெண்டு நாளுதான் எனக்கு மாசம்."
மென்பொருளில் நிலா இல்லை.

கைரேகைக் கருவி
நாலு தடவை மறுத்தது.
பாறை அறுத்து அறுத்து
விரல் நுனியில் வரிகள்
வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தன.
கண்ணைக் காட்டச் சொன்னேன்.
உப்பில் சிவந்த அந்தக் கண்ணை மட்டும்
ஒப்புக்கொண்டது.

ஒரு வழி இருந்தது.
எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி.
காதுத் தோட்டைக் கழற்றினாள், முந்தானை முடிச்சிலிருந்து
ஒரு மோதிரத்தையும் எடுத்தாள்.
மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்து
எட்டேகால் கிராம் என்றார்.
வெறும் நகைக்கடன் என்றால் வட்டி கூட,
இலக்கிலும் சேராது.
விவசாய நகைக்கடன் என்றால் இரண்டும் சரி.
சர்வே எண்?
கடலாடிப் பக்கம் அவள் அண்ணனுக்குத்
தொண்ணூறு சென்ட்,
சீமைக்கருவேலம் தவிர எதுவும் ஏறாத கண்மாய்க் கடை.
குத்தகை என்று ஒரு தாள் எழுதினோம்.
பயிர்: முண்டு மிளகாய்.
தட்டிய விரல் என்னுடையது.

மாலை ஐந்தேகாலுக்கு
வட்டார மேலாளர் வாழ்த்து அனுப்பினார்,
ரோஜாக் கொத்துப் படத்துடன்.

அந்த வருஷம் ஐப்பசி பொய்த்தது.
மாசியில் வந்து கைபேசியை நீட்டினாள்.
"எம் மிளகாப் பயிரு கருகிப்போச்சாம் சார்.
காப்பீடுன்னு நாலாயிரத்து எரநூறு ஏறியிருக்கு.
கருகுனத யாரு போய்ப் பாத்தா?"

செயற்கைக்கோள் என்றேன்.
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தாள்.
"கத்திரி முடிஞ்சு எறங்குனோம்.
தண்ணி வெந்நியா இருந்துச்சு.
பாறையெல்லாம் வெளுத்து
எலும்பு மாதிரி கெடந்துச்சு.
பாசி ஒரு கைக்குக் காணல.
அன்னைக்கும் அது மேலதான் இருந்துச்சா?"

அச்சு எந்திரம் ஏதோ ஒரு பாஸ்புக்கை
மென்றுகொண்டிருந்தது.
நான் அதை இழுத்து எடுக்கப் போனேன்.

நாலாயிரத்து இருநூறையும்
அசலில் வரவு வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.
படியில் தட்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.
நாட்காட்டியில் அன்று திரயோதசி,
வட்டார அலுவலகத்தில் கூட்டம்.
சுற்றறிக்கையில் வரும் ஆண்டின் முதலிடம்
சூரியத் தகடுகளுக்கு.

மாலையில் பெட்டகத்தைப் பூட்டுமுன்
காசாளர் வாசிக்க நான் சரிபார்த்தேன்.
உறை இருநூற்றுப் பதினாலு:
தோடு ஒரு ஜோடி, மோதிரம் ஒன்று,
எட்டேகால் கிராம்,
முண்டு மிளகாய்.